பாஸ் பர்சன்டேஜுக்கு வெளியே நிற்கிற பிள்ளைகள்

(தாம்பரத்தில் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த பயிலரங்கு ஒன்றில், ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

 ஜெய்பீம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லீங்க. வேலை செய்த காலம் முழுக்க கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே பேசினவள் நான். அதனால் இன்றைக்கும் ஒரு கணக்கைத்தான் போட்டுக் காட்டப் போகிறேன். "கிராமத்து உயர்நிலைப் பள்ளிகளில் தேர்ச்சி நிலவரம்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அது அந்தப் பள்ளியின் குறையாகச் சுருங்கிப்போகும். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக வாலாஜாபாத் போகிற சாலையிலும், வண்டலூர் தாண்டி தெற்கே போனாலும், இந்தப் பக்கம் மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று வந்தாலும், அந்த மாதிரிப் பள்ளி உங்கள் கண்ணில் படும். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை இருக்கும். பிள்ளைகள் குறைவு. பாதி நாள் ஏதாவது ஒரு பாடத்துக்கு வாத்தியார் இருக்கமாட்டார்.

அந்தப் பள்ளியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பாஸ் பர்சன்டேஜ் எவ்ளோ?" அதிகாரி கேட்பார், ஊர்ப் பெரியவர் கேட்பார், பத்திரிகைக்காரர் கேட்பார். 2017ஆம் ஆண்டோடு மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தை அரசு நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் பள்ளிகளைத் தேர்ச்சி விழுக்காட்டால் அளக்கிற வழக்கம் போகவில்லை. நூறு விழுக்காடு வாங்கிய பள்ளிக்குப் பாராட்டு, குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். இதுதான் நடைமுறை.

இந்த விழுக்காடு என்பது என்ன? தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது மட்டும்தான். தேர்வு எழுதவே வராமல் போனவர்கள் அந்தக் கணக்கில் கிடையாது. நம்ம பிள்ளைகளின் கதை அந்தக் கிடையாது என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு போடலாம். இது உதாரணத்துக்குத்தான், எந்தப் பள்ளியின் கணக்கும் அல்ல. ஆறாம் வகுப்பில் 40 பிள்ளைகள் சேர்கிறார்கள். 24 பேர் காலனி, 16 பேர் ஊர். ஐந்து வருஷம் கழித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு அறையில் உட்காருவது 20 பேர். 20 பேரும் பாஸ். பள்ளி நூறு விழுக்காடு. மாலை போடுகிறார்கள். இப்போது அந்த 20 பேர் யார் என்று பாருங்கள். ஊர்ப் பிள்ளைகள் 12, காலனிப் பிள்ளைகள் 8 என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பிள்ளைகளில் நாலில் மூன்று பேர் கரையேறிவிட்டார்கள். காலனிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர்தான். மொத்தத்தில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் தேர்வு அறை வரைக்கும் வரவேயில்லை. ஆனால் பலகையில் எழுதுவது நூறு.

கணக்கு பொய் சொல்லாது என்பார்கள். எதை எதால் வகுக்கிறோம் என்பதை யார் முடிவு செய்கிறார்களோ, அவர்கள் சொல்ல நினைப்பதைத்தான் கணக்கு சொல்லும்.

சின்னப் பள்ளிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இருநூறு பேர் எழுதுகிற பெரிய பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் குறைவது அரை விழுக்காடு. யாரும் கவனிக்க மாட்டார்கள். இருபது பேர் எழுதுகிற பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் ஐந்து விழுக்காடு போய்விடும். ஆகவே சின்னப் பள்ளியில் ஒவ்வொரு "வீக்" பிள்ளையும் ஒரு பயமாக மாறுகிறான். அந்தப் பயத்துக்குப் பெயர் வைத்துப் பட்டியல் போடுவோம், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும். பட்டியலில் யார் இருப்பார்கள்? விடியற்காலையில் வேலைக்குப் போய்விட்டு வருகிறவன். அம்மா கட்டட வேலைக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொள்கிறவள். வீட்டில் விளக்கில்லாதவன். சாதிப் பெயரைச் சொல்லாமலே காலனியைப் பட்டியல் போடுகிற வழி அது.

நான் இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று.

நானும் சேரியிலிருந்து வந்தவள்தான். எங்க வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். பேர் வேண்டாம். மனக்கணக்கில் புலி. லாரியில் எத்தனை யூனிட் ஜல்லி, ஒரு யூனிட் என்ன விலை, தரகு போக மிச்சம் எவ்வளவு என்றால் வாய் மூடுவதற்குள் சொல்லுவான். அதையே எக்ஸ், ஒய் என்று பலகையில் எழுதினால் தலை குனிந்துவிடுவான். வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போய்விடுவான். "இவன் பத்தாவது போனா நம்ம ரிசல்ட் போச்சு" என்று ஆசிரியர் அறையில் பேச்சு. அவன் அம்மாவை வரச் சொன்னோம். "பையன் பிரைவேட்டா எழுதட்டும்மா. இங்க எழுதினா ஃபெயிலாயிடுவான், மனசு ஒடஞ்சிடும்" என்றோம். அந்த அம்மா மறுபேச்சே பேசவில்லை. "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரிதாங்க டீச்சர்" என்றாங்க. மாற்றுச் சான்றிதழுக்குக் கைநாட்டு வைத்தாங்க. அந்த மை பட்ட விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் எங்கள் பள்ளி நூறு விழுக்காடு.

பல வருஷம் கழித்து தாம்பரம் ரயில் நிலையத்தில் ஒருவர் வந்து, "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றார். அவன்தான். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. அறையை ஒரு தடவை பார்த்தாலே எத்தனை பெட்டி டைல்ஸ் வேண்டுமென்று சொல்லிவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்: "அந்த வருஷம் எல்லாரும் பாஸாமே டீச்சர்?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். அவன் சந்தோஷமாகக் கேட்டான்.

தோழர்களே, இதை ஒரு தனி ஆசிரியையின் மன உறுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவனை வெளியே அனுப்பச் சொல்லி எங்களுக்கு எந்த அரசாணையும் வரவில்லை. ஒரு எண்ணை மட்டும்தான் கேட்டார்கள். அந்த எண்ணைக் கொடுப்பதற்கு யாரை வெளியே தள்ளினால் யாரும் கேட்க வரமாட்டார்களோ, அவர்களைத் தள்ளினோம். சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. கெட்ட எண்ணம் இல்லாதவர்களின் கையைக்கூட அது வாங்கிக்கொள்ளும். நம்மவர்களின் கையையும் வாங்கிக்கொள்ளும்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். இந்தச் செங்கல்பட்டுச் சீமைக்குக் கல்வி வரலாற்றில் ஒரு தனி இடம் இருக்கிறது. 1891இல் இந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி அரசுக்குக் கொடுத்தார். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லாமல், மிராசுதார் நினைத்தால் விரட்டிவிடலாம் என்ற நிலையில் நம் பாட்டன் பூட்டன் இருந்ததை அது பதிவு செய்தது. அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்ததுதான் பஞ்சமி நில ஆணை. நிலமும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே பேசப்பட்ட காலம் அது. ஏன் சேர்ந்தது? சொந்த மனை இல்லாதவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் மிராசுதார் மாடு மேய்க்க ஆள் கேட்பான். கொடுக்காவிட்டால் மனையைக் காலி செய் என்பான். அதனால் நிலம் இல்லாமல் படிப்பு நிற்காது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி, இதே மாவட்டத்தில், காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். ஆணை பிறந்து நூறு வருஷம் கழிந்த பிறகும் நிலம் வந்து சேரவில்லை என்பதற்கு அவர்கள் இரத்தம் சாட்சி.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாளைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமே என்ற பயத்தில் வகுப்பு தொடங்குகிற வரை வெளியே எங்காவது இருந்து படித்துக்கொண்டிருப்பாராம். வகுப்பு கலைந்ததும் மற்றப் பையன்கள் நெருங்குவதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். விளையாட முடியவில்லையே என்ற ஏக்கத்தோடு. அவர் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இது தெரியுமா? வருகைப் பதிவேட்டில் அவர் "ஆஜர்" என்றுதான் இருக்கும்.

இதோ பக்கத்தில் பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் எம்.சி.ராஜா. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தார். அப்போது அந்தக் கல்லூரி நகரத்துக்குள் இருந்தது, தாம்பரத்துக்கு வந்தது 1937இல். அவர் அடிப்படையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பிறகு சட்டமன்றத்துக்குப் போனார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் 1922இல் வந்ததற்குப் பின்னால் அவர் இருக்கிறார். சைதாப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கிற மாணவர் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள்.

அடையாறு ஊரூர் பக்கம் கர்னல் ஆல்காட் 1894இல் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளி பெசன்ட் நகரில் இன்னமும் நடக்கிறது. அயோத்திதாசப் பண்டிதருக்கும் ஆல்காட்டுக்கும் இருந்த உறவு உங்களுக்குத் தெரிந்ததுதான். மிஷன்காரர்கள் தனியே பள்ளிகள் வைத்தார்கள். 1920 வாக்கில் அரசின் தொழிலாளர் துறை நம் சேரிகளில் பள்ளிகள் திறந்தது. "லேபர் ஸ்கூல்" என்று கிழவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எதற்குத் தனிப் பள்ளி? பொதுப் பள்ளி அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சாவடியிலும் இருந்தது. நம்ம பிள்ளை அங்கே கால் வைக்க முடியாது. சட்டம் சொன்னாலும் ஊர் விடாது. அந்த லேபர் ஸ்கூல்தான் பிறகு அரிசன நலப் பள்ளியாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளியாக இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

ஆக நமக்குப் பள்ளி என்பது யாரும் தூக்கிக் கொடுத்த தானம் அல்ல. 1953இல் ராஜாஜி, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். எதிர்ப்பில் 1954இல் அது போனது. திட்டம் போய்விட்டது. ஆனால் ஒன்பதாவதில் டிசி வாங்கிக்கொண்டு சித்தாள் வேலைக்குப் போகிற நம் பிள்ளைக்கு அது போனதா? ஆணையில்லாமலே அது நடந்துகொண்டிருக்கிறது.

சரி, இப்போது அந்தச் சின்னப் பள்ளியில் யார் படிக்கிறார்கள்? இதை நேரில் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்துதான் இருந்தார்கள். சேர்ந்து என்றால் ஒரே கூரைக்குக் கீழே. பெஞ்சு தனிதான். பெருக்கச் சொன்னால் எழுந்திருக்கிறவர்கள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏரிப் பாசன நிலம் பிளாட் ஆனது. நிலம் விற்றவன் கையில் காசு வந்தது. முதல் காரியமாகப் பிள்ளையை மஞ்சள் வேனில் ஏற்றி மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு அனுப்பினான். நிலமில்லாத நம்ம ஜனத்துக்கு என்ன கிடைத்தது? அதே நிலத்தில் எழும்பிய அடுக்குமாடியில் வீட்டு வேலை, செக்யூரிட்டி வேலை, ஒரகடம் பக்கக் கம்பெனிகளில் காண்டிராக்டர் கீழே துப்புரவு வேலை. அதனால் அரசுப் பள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் காலனிப் பள்ளியாக ஆனது. ஊர்ப் பள்ளியிலிருந்து நம்மை யாரும் விரட்டவில்லை. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். டீக்கடையில் தனிக் கிளாஸ் வைப்பது ஒரு தீண்டாமை. நாம் உட்கார்ந்ததும் கடையையே காலி செய்துகொண்டு போவது இன்னொரு தீண்டாமை.

போனதோடு நிற்கவில்லை. "அது காலனிப் பசங்க ஸ்கூல்" என்று பேர் விழுந்தது. நம்ம ஆட்களில் நாலு காசு பார்த்தவர்களும் கடன் வாங்கிக் கான்வென்ட்டுக்கு அனுப்பினார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மானத்துக்காகத்தான் அனுப்பினார்கள். கடைசியில் மிச்சம் இருப்பவர்கள் யார்? அப்பா இல்லாத பிள்ளை. சித்தாள் பிள்ளை. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிற இருளர் பிள்ளை. வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை, அவர்களுக்குத் தமிழே புதுசு. இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பள்ளி எழுபது எடுத்தால், பிள்ளைகளைப் பரீட்சை வைத்து வடிகட்டிச் சேர்க்கிற தனியார் பள்ளியின் நூறைவிட அது பெரிய எழுபது. ஆனால் இரண்டையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாகப் போடுகிறார்கள். பிறகு "எண்ணிக்கை குறைவு, தரம் குறைவு" என்று பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப் பேச்சு வரும்.

இருளர் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் தர வேண்டும். பெற்றோர் எழுத்தறியாதவர்கள், வேலைக்குப் போகிற இடம் மாறிக்கொண்டே இருக்கும். சான்றிதழ் வரும்வரை உதவித்தொகை கிடையாது. பத்தாவது தேறிய பிள்ளை சான்றிதழுக்கு அலைந்தே ஒரு வருஷம் போய்விடும். தேறிய கணக்கில் அவள் இருக்கிறாள். மேலே படித்தவர்கள் கணக்கில் இல்லை.

இந்தத் தெற்குப் புறநகருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நகரத்துக்குள் கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த நம் ஜனத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். 2000ஆம் ஆண்டு தொடங்கி கண்ணகி நகர், அதன் பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். குடியேறியவர்களில் பெரும் பகுதி தலித் மக்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளைப் பள்ளி ஆண்டின் நடுவிலேயே பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? பழைய பள்ளிக்குப் போக விடியற்காலையில் பஸ் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நிற்க வேண்டும். வீடு கொடுத்த கணக்கு அரசிடம் இருக்கிறது. வீடு மாற்றியதால் நின்ற பிள்ளைகளின் கணக்கு எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? அதே வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் புத்தகமும் சான்றிதழும் தண்ணீரில் போன வீடுகள் எத்தனையோ.

கொரோனா காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020இலும் 2021இலும் பத்தாவதில் எல்லோரும் தேர்ச்சி. பேப்பரில் எல்லோரும் பாஸ். ஆனால் வீட்டில் ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்ற நிலையில் இருந்த பிள்ளை என்ன படித்தது? பள்ளி திறந்தபோது சில பெண் பிள்ளைகள் தாலியோடு வந்து டிசி கேட்டார்கள்.

அடுத்து ஒரு முக்கியமான பிரச்சினை. இதில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது, இருக்கட்டும், பேசுவோம். 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்பட பல துறைகளின் பள்ளிகளை எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழே கொண்டுவருவதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படிக்கிற மாணவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம், கையில் வண்ணக் கயிறு வேண்டாம், எல்லாப் பள்ளிகளும் ஒரே துறையின் கீழ் வரட்டும் என்றது. 2025இல் "காலனி" என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். விடுதிகளுக்குச் "சமூகநீதி விடுதி" என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் மாறட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எந்த ஸ்கூல்?" என்று கேட்கும்போது பெயரைச் சொல்லக் கூசி நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். தனிப் பள்ளி என்பதே அவமானம், எல்லோரோடும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று சொல்கிற தோழர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம்ம சேரிக்கு நடுவில் நம் பெயரில் இருக்கிற நிலம், கட்டடம், நமக்கென்று வருகிற நிதி, நம்மவர்களுக்குக் கிடைத்திருக்கிற ஆசிரியர் பணியிடம், இதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்கிற தோழர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இதில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்தைப் பாருங்கள். 1954இல் அங்கே உச்ச நீதிமன்றம், தனித்தனிப் பள்ளி சமத்துவம் ஆகாது என்று தீர்ப்பு சொன்னது. மகத்தான தீர்ப்பு. ஆனால் தென் மாநிலங்களில் அதை அமல்படுத்தியபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பர் பள்ளிகள்தான். வேலை இழந்தவர்கள் பல்லாயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள். பிள்ளைகள்தான் பஸ் ஏறி வெள்ளையர் பள்ளிக்குப் போனார்கள், வெள்ளையர் இங்கே வரவில்லை. பல ஊர்களில் வெள்ளையர்கள் தனியார் பள்ளி தொடங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நம்ம ஊர் மஞ்சள் வேன் ஞாபகம் வருகிறதா?

ஆகவே என் கருத்து இது. இணைப்பு என்றால் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். சேரிப் பள்ளியை மூடி நம் பிள்ளையை ஊருக்கு நடக்கவைப்பது மட்டும் இணைப்பு ஆகாது. சேரிக்குள் இருக்கிற பள்ளியை ஆய்வகம், நூலகம், எல்லாப் பாடத்துக்கும் வாத்தியார் என்று அந்த வட்டாரத்திலேயே சிறந்த பள்ளியாக ஆக்கு, ஊர்ப் பிள்ளை இங்கே நடந்து வரட்டும். அது சாதி ஒழிப்பு.

கடைசியாக, என்ன செய்யலாம் என்பது. பேசிவிட்டுப் போக நான் வரவில்லை.

ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் பிள்ளை எப்போது சேர்ந்தது, என்ன சாதி, எப்போது நின்றது, ஏன் நின்றது என்று இருக்கும். நின்ற பிள்ளைகளுக்கு எதிரே "நீண்ட நாள் வரவில்லை" என்று சிவப்பு மையில் எழுதிப் பெயரைச் சுழித்திருப்போம். அந்தச் சிவப்பு மைதான் நம்முடைய உண்மையான ரிசல்ட். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. கேளுங்கள். ஐந்து வருஷத்துக்கு முன் ஆறாவதில் சேர்ந்தவர்கள் எத்தனை, அதில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை? இந்த வருஷம் பத்தாவது எழுதியவர்கள் எத்தனை, அதில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை? ஒன்பதாவதில் டிசி வாங்கியவர்கள் எத்தனை? தேறியவர்களில் பதினொன்றாவது சேர்ந்தவர்கள் எத்தனை, எந்தக் குரூப்? இந்த நாலு கேள்வி போதும், நூறு விழுக்காட்டின் மேல் பூசிய வெள்ளை உரிந்துவிடும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. நம் அம்மாக்களோடு நீங்கள் போய் உட்காருங்கள். எந்தப் பிள்ளைக்கும் குழுவுக்குத் தெரியாமல் ஒன்பதாவதில் டிசி கிடையாது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

டிசி வாங்கினால் என்ன இழப்பு என்பதை வீடு வீடாகச் சொல்லுங்கள். 2020இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ இடமும், அடுத்த வருஷம் பொறியியலுக்கு வந்ததும், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் தொடங்கியபோது அப்படித்தான் பெண் பிள்ளைகளுக்கு இருந்தது. "பிரைவேட்டா எழுதட்டும்" என்று நாம் சொல்லும்போது ஒரு வருஷத்தை மட்டும் எடுக்கவில்லை, இந்தக் கதவையெல்லாம் சேர்த்துச் சாத்துகிறோம். அன்றைக்கு இதெல்லாம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. தெரிந்தும் சாத்தினால் அது குற்றம்.

பிறகு இரவுப் பாடசாலை. கல்லூரி மாணவர்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாள், இரண்டு மணி நேரம், காலனி சமூகக் கூடத்தில் ஒரு விளக்கு. ஆறாவது, ஏழாவதிலேயே தொடங்குங்கள். பத்தாவதில் போய்ப் பிடித்தால் தேர்வுக்குத் தப்பிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் நேரம் இருக்கும். கணக்கை ஜல்லியிலிருந்தும் டைல்ஸிலிருந்தும் தொடங்குங்கள். நம்ம பிள்ளைக்குக் கணக்கு வரும். அவனுக்கு வராதது நம்முடைய பலகை மொழி. அந்த இடைவெளியைக் கடத்திவிடுவதுதான் வாத்தியார் வேலை. நான் அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பையனின் படிப்பு செலவானது.

அந்தப் பையனின் மகள் இப்போது அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். சனி, ஞாயிறு என் வீட்டுக்குக் கணக்குப் படிக்க வருகிறாள். எக்ஸ், ஒய் வந்தால் அவளும் கொஞ்சம் தலை குனிகிறாள். அவளைப் பத்தாவதுக்கு அனுப்புவார்களா என்று போன வாரம் அவள் அப்பா கேட்டான். நான் பள்ளிக்கு நேராகவே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள். ஜூன் மாதம் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

நீங்களும் உங்கள் ஊர்ப் பதிவேட்டைப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நாலு எண்களோடு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து கணக்கு போடுவோம்.

 ஜெய்பீம்.